ஆடுகின்ற மேசை

மேசையொன்று ஆடத் தொடங்கியதும் வீட்டிலுள்ளோர் முதலிற் செய்வது, குட்டையாய்த் தோன்றும் காலின்கீழ்க் கடதாசியை மடித்து வைப்பதாகும். சில நாட்களில் அக்கடதாசி நைந்து விலகிவிடும். அதன் பின்னர் இரண்டாவது வைத்தியம் நடைபெறும். நீண்ட இரும்பாணிகள் இரண்டு தேடியெடுக்கப்பட்டு, காலும் சட்டமும் சேரும் இடத்திற் சுத்தியலால் அடித்திறக்கப்படும். மேசை அன்றைக்கு அசையாது நிற்கும். அடித்தவரும் மனநிறைவோடு கையைத் தட்டிக்கொண்டு செல்வார். ஆயின், அந்த மேசையின் உண்மையான அழிவு அந்த ஆணியோடுதான் தொடங்குகிறது. அஃது ஏன் என்பதையும், ஆணியின்றி அதே மேசையை வீட்டிலேயே எவ்வாறு உறுதியாக்கலாம் என்பதையும் நேயர்கள் அறிந்துகொள்வது பயனுடைத்து.

பழைய மேசையை வாங்கிப் பழுது பார்ப்பது ஒரு காலத்திற் பொழுதுபோக்காய் இருந்திருக்கலாம். இன்று பல குடும்பங்களுக்கு அது தேவையாகிவிட்டது. 2022ஆம் ஆண்டிலே சில மாதங்களுக்குள் இலங்கை ரூபாயின் மதிப்பு, ஓர் அமெரிக்க டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாய் என்ற நிலையிலிருந்து 350 ரூபாய்க்கு மேல் என்ற நிலைக்கு வீழ்ந்தது. புதுத் தளபாடம் பலருக்கு எட்டாப் பொருளாயிற்று. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளைக்கு எழுதுமேசை வேண்டுமாயின், பழைய தளபாடக் கடையையோ, வீடு மாறிச் செல்வோர் விற்கும் பொருட்களையோ நாடவேண்டியிருக்கிறது. அங்கே ஆடுகின்றது என்ற ஒரே குற்றத்திற்காக மலிவாய்க் கிடைக்கும் நல்ல மேசைகள் உண்டு. கோடு கீறும்பொழுது மேசை அசைந்தால் கேத்திரகணிதப் படம் பிழைக்கும், எழுத்துங் கோணும். பிள்ளையோ தன் கையைக் குறை சொல்லிக்கொள்ளும்.

மேசை என்னுஞ் சொல் போர்த்துக்கேயர் தந்தது. கதிரையும் அலுமாரியும் அவர்கள் மொழியிலிருந்து வந்தவையே. மேசையின் லாச்சியோ ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், 1796 வரை இந்நாட்டின் கரையோரங்களை ஆண்டனர். பொருளின் பெயர்கள் மேனாட்டினவாயினும் மரமும் கைத்திறனும் இந்நாட்டினவாயிருந்தன. முதிரை, கருங்காலி, பலா முதலிய மரங்களில் உள்ளூர்த் தச்சர் செய்த தளபாடங்கள் இன்றும் பழைய வீடுகளில் உள. மேசையின் உறுப்புகளைப் பிணைத்து நிற்கும் மூட்டின் பெயரோ தூய தமிழ். சட்டத்தின் நுனியிலே மெலிதாகச் செதுக்கப்பட்ட நாக்குக்குக் கழுந்து என்று பெயர். காலிலே அந்நாக்குச் சென்று பொருந்தும்படி தோண்டப்பட்ட குழிக்குப் பொளி என்று பெயர். இவ்விரண்டும் இறுகப் பொருந்தி நிற்பதே மேசையின் உயிர். ஆடுகின்ற மேசையிலே பெரும்பாலும் மரம் கெட்டிருப்பதில்லை. இந்த மூட்டுத்தான் தளர்ந்திருக்கும்.

வாங்கும்போது மேசையின் முகத்தைப் பார்ப்பதற்குமுன் அதனைக் கவிழ்த்து அடிப்புறத்தைப் பார்த்தல் வேண்டும். மேற்பலகைக்கு எந்த நிறத்தையும் பூசி மினுக்கலாம். அடிப்புறத்துக்குப் பூசுவோர் அரியர். அங்கே மரத்தின் இயற்கை நிறமும் நார்ப்போக்கும் தெரியும். பலா புதிதாய் அறுக்கப்பட்டபோது மஞ்சளாயிருந்து, காலஞ் செல்லச் செல்லச் செம்பழுப்பாய் மாறும். முதிரை பொன்னிறமானது; கையால் தூக்கும்போதே அதன் பாரம் அதனைக் காட்டிக்கொடுக்கும். தேக்கின் வெட்டுமுகம் சற்றே எண்ணெய்ப் பிடிப்புடையதாய்த் தோன்றும். முழு மரமா, மெல்லிய தகடு ஒட்டியதா என்ற ஐயம் எழுந்தால் விளிம்பைப் பார்க்கலாம். மேற்பரப்பில் ஓடும் நார்க்கோடுகள் பலகையின் வெட்டுமுகத்திலும் தொடர்ந்து காணப்பட்டால் அது முழு மரம். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாயின் ஈரம்பட்ட இடம் உப்பியிருக்கும். அத்தகைய மேசைக்கு இங்கே சொல்லப்படும் வைத்தியம் எதுவும் உதவாது.

பூச்சி அரித்த அடையாளங்களையும் நோக்கவேண்டும். குண்டூசித் தலையளவான துளைகளைக் கண்டவுடன் அஞ்சிவிட வேண்டியதில்லை. அவை வண்டு உள்ளே நுழைந்த வழிகளல்ல. உள்ளே புழுவாய் வளர்ந்து, வண்டாய் வெளியேறிய வழிகள். வெளியேறியது இருபது ஆண்டுகளுக்கு முன்னராகவும் இருக்கலாம். மேசையைக் கையால் தட்டும்பொழுது துளைகளிலிருந்து மாப்போன்ற தூள் புதிதாய் உதிர்ந்தால் மாத்திரமே உள்ளே இன்னும் உயிர் உண்டென்று கொள்ளலாம். இங்கே தமிழிலக்கணம் படித்தோருக்கு ஒரு செய்தி நினைவுக்கு வரும். தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரமுடையவற்றை மரம் என்றும் வெளியே வைரமுடையவற்றைப் புல் என்றும் வகுக்கிறது. அகக்காழ், புறக்காழ் என்பன அந்நூல் ஆளுஞ் சொற்கள். அக்கணக்கிற் பனையும் புல்லேயாம். மேசை செய்யும் தேக்கும் பலாவும் அகக்காழ் உடையவை. அவற்றின் வெளிப்புறத்தே இருக்கும் வெளிறு மாப்பொருள் நிறைந்தது. மரத்தை மாவாக்கும் வண்டுகள் அதனையே விரும்பித் தின்னும். உள்ளிருக்கும் வைரத்தைப் பெரும்பாலும் தீண்டா. ஆகவே, சட்டமொன்றின் ஓரத்தில் மட்டும் துளைகள் செறிந்திருந்தால், தச்சர் வெளிறைக் கழிக்காமல் அறுத்துவிட்டார் என்பதே அதன் பொருள். நடுப்பகுதி உறுதியாயிருக்கும். கால்களின் அடியைக் கத்திமுனையால் அழுத்திப் பார்ப்பதும் நன்று. தரை கழுவும் நீரால் உக்கியோ கறையானால் அரிக்கப்பட்டோ இருந்தால் கத்தி தடையின்றி உள்ளே இறங்கும். அத்தகைய மேசையை விட்டுவிடுதல் நலம்.

இனி ஆணியின் குற்றத்துக்கு வருவோம். மரம் வெட்டப்பட்டு நூறாண்டு கழிந்த பின்னரும், காற்றிலுள்ள ஈரத்தோடு அதற்குள்ள உறவு அறுவதில்லை. வாடைக்காற்றோடு மழை பொழியும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலே பலகை ஈரத்தை உட்கொண்டு விரியும். சோளகம் வீசும் ஆனி, ஆடியிலே ஈரத்தை விட்டுச் சுருங்கும். கண்ணுக்குத் தெரியாத மிக மெதுவான மூச்சு என்று இதனைக் கூறலாம். இவ்விரிவு எல்லாத் திசையிலும் ஒரே அளவினதன்று. நாரின் வழியே, அதாவது பலகையின் நீளத்தில், மாற்றம் இல்லையென்றே சொல்லிவிடலாம். நாருக்குக் குறுக்கே, அதாவது அகலத்திலேதான், மாற்றம் நிகழும். அதிலும், மரத்தின் வளையங்களை ஒட்டிச் செல்லுந் திசையில் நிகழும் மாற்றம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லுந் திசையில் நிகழ்வதிலும் பார்க்க ஏறத்தாழ இருமடங்காகும். 75 சென்ரிமீற்றர் அகலமான தேக்குப் பலகையொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் ஈரம் நூற்றுக்கு 12 பங்கிலிருந்து நூற்றுக்கு 16 பங்காக ஏறினால், பலகை அறுக்கப்பட்ட விதத்துக்கேற்ப 3 தொடக்கம் 6 மில்லிமீற்றர் வரை அகலங் கூடும். தேக்கு அசைவு குறைந்த மரங்களுள் ஒன்று. மற்ற மரங்கள் பல இதனிலும் மிகுதியாய் அசையும்.

மேற்பலகையின்கீழ் நாற்புறமும் ஓடும் சட்டங்களுள் குறுக்கே செல்பவை, தம் நீளத்தைப் பலகையின் அகலத்துக்கு ஒத்தவாறு வைத்திருக்கின்றன. சட்டம் நீளத்தில் அசையாது. பலகை அகலத்தில் அசையும். இவ்விரண்டையும் ஆணியால் இறுக்கினால் பிணக்கு உண்டாகாமல் என் செய்யும்? கோடையிற் சுருங்க முயலும் பலகையைச் சட்டம் விடாது பிடித்து நிற்க, பலகை நடுவே வெடிக்கிறது. பழைய மேசைகளின் முகத்திலே நீளவாட்டிற் காணப்படும் வெடிப்புகள் பலவற்றின் வரலாறு இதுவே. முற்காலத் தச்சர் இதனை நன்கு அறிந்திருந்தனர். சட்டத்தின் உட்புறத்திலே சிறு தவாளிப்பு வெட்டி, அதனுள் நாக்குப்போன்ற மரத்துண்டை நுழைத்து, அத்துண்டை மாத்திரம் மேற்பலகையோடு திருகாணியால் இணைத்தனர். பலகை விரியும்போது நாக்கு தவாளிப்பினுள் வழுக்கிச் செல்லும். கவிழ்த்த மேசையில் இத்தகைய நாக்குகள் காணப்பட்டால், அதனைச் செய்தவர் தொழிலறிந்தவர் என்று துணிந்து வாங்கலாம்.

மூட்டிலே அடிக்கும் ஆணி வேறொரு வகையிற் கேடு செய்கிறது. ஒரு விரலளவுகூடத் தடிப்பில்லாத கழுந்தை அது பிளந்துவிடும். மேசை மீண்டும் ஆடும்பொழுது மரத்தைவிடக் கடினமான இரும்பு தன் துளையை அகலமாக்கிக்கொண்டே போகும். சில ஆண்டுகளில் ஆணி துருப்பிடிக்கும். அதைச் சுற்றியுள்ள மரம் கறுக்கும். அக்கறுப்புக்கும் பழைய மைக்கும் உறவுண்டு. கடுக்காயிலுள்ள துவர்ப்பொருளும் இரும்பின் உப்பும் சேர்ந்தே எழுதும் மை செய்தனர் நம் முன்னோர். அதே துவர்ப்பொருள் பல மரங்களிலும் உண்டு. ஆணியும் ஈரமும் சேர்ந்தால் மேசை தனக்குத்தானே மை காய்ச்சிக்கொள்கிறது என்று வேடிக்கையாய்க் கூறலாம்.

ஆகவே மேசையைப் பழுது பார்த்தல் என்பது தளர்ந்த மூட்டைக் கழற்றி, துப்புரவாக்கி, மீண்டும் பொருத்துதலேயாம். முதலில் ஆணிகளை அகற்றவேண்டும். தலை வெளியே தெரிந்தால், குறட்டின்கீழ் மெல்லிய பலகைத் துண்டொன்றை அண்டை கொடுத்து, மரம் நசுங்காமல் இழுக்கலாம். தலை மரத்துள் மறைந்திருந்தால் தோண்டிக் காயப்படுத்தல் ஆகாது. மூட்டைச் சற்றே விலக்கி, இடைவெளியில் இரும்பறுக்கும் வாளின் அலகை மாத்திரம் நுழைத்து ஆணியை அறுத்துவிடுதல் எளிது. பின்னர், ஒவ்வொரு மூட்டின் இருபக்கத்திலும் ஒரே இலக்கத்தைப் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டும். இதனைச் சிறு காரியமென்று தள்ளிவிடுவோர் பின்னர் வருந்துவர். கையால் செய்த மேசையில் ஒவ்வொரு கழுந்தும் அதனதன் பொளிக்கென்றே செதுக்கப்பட்டது. ஒன்றின் இடத்தில் மற்றொன்று செல்லாது.

மூட்டு உறுதியாய் நின்றால் அதனைப் பலவந்தமாய்க் கழற்றவே வேண்டாம். தளர்ந்தது எதுவோ அதனை மட்டும் கழற்றுதலே முறை. பழைய மேசைகள் பெரும்பாலும் வச்சிரத்தால் ஒட்டப்பட்டவை. விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூட்டைச் சுற்றிச் சிறிது நேரம் வைத்தால் அது இளகும். இளகாவிடின் மூட்டினுள்ளே மதுசாரத்தைத் துளிதுளியாய் விடலாம். மதுசாரம் வச்சிரத்தின் ஈரத்தை உறிஞ்சி அதனை நொறுங்கச் செய்யும். பிற்காலத்து வெள்ளைப் பசையாயின், சூடாக்கிய வினாகிரி பொறுமையோடு அதனை மெதுவாக்கும். பின்பு மரச்சுத்தியலால், அல்லது இரும்புச் சுத்தியலுக்கும் மரத்துக்கும் இடையே பலகைத் துண்டை வைத்து, மெல்லத் தட்டினால் மூட்டு பிரியும்.

பிரித்தபின் பழைய பசையை முற்றாகச் சுரண்டியெடுத்தல் வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகின்றனர். வெள்ளைப் பசை மரத்தின் நுண்டுளைகளிற் புகுந்தே பிடிக்கும். காய்ந்த பசையின்மேற் பூசினால் அதற்குப் பிடிப்பதற்கு இடமில்லை. வச்சிரம் ஒன்றுதான் இதற்கு விலக்கு. புது வச்சிரம் பழைய வச்சிரத்தை இளக்கி அதனோடு கலந்துவிடும். அதனாலேயே பழம்பொருள் பேணுவோர் அதனை இன்றும் கைவிடவில்லை. வருங்காலத்தில் இன்னொருவர் கழற்ற விரும்பினால் வெந்நீரே போதும். ஆயினும் அதனை நேரடியாக அடுப்பில் வைக்காமல், நீருள்ள பாத்திரத்தினுள் மற்றொரு பாத்திரம் வைத்து ஏறத்தாழ 60 பாகைச் சூட்டிற் காய்ச்சவேண்டும், கொதித்தால் வலுவிழக்கும். ஆறுவதற்குள் ஒட்டியும் முடிக்கவேண்டும். எழுதுமேசையொன்றை முதன்முறை பழுதுபார்க்கும் குடும்பத்துக்குக் கடையில் விற்கும் வெள்ளைப் பசையே போதுமானது.

துப்புரவான கழுந்தைப் பசையில்லாமற் பொளியிற் செருகிப் பார்க்க வேண்டும். கையால் அழுத்த உள்ளே சென்று, தலைகீழாய்ப் பிடித்தால் தானே விழாதிருப்பது சரியான பொருத்தம். தொளதொளவென்று இருந்தால், அதே வகை மரத்திலிருந்து சீவுளியால் எடுத்த மெல்லிய சீவலைக் கழுந்தின் பக்கத்தில் ஒட்டிக் காயவிட்டு, மீண்டும் செருகிப் பார்த்து, வேண்டிய அளவுக்கு அரத்தாளால் தேய்க்கலாம். பசையோடு மரத்தூளைக் குழைத்து இடைவெளியை நிரப்புவது வீட்டு வழக்கம். அஃது ஓட்டையை மறைக்குமேயன்றிப் பாரத்தைத் தாங்காது. மூட்டின் வலிமை மரமும் மரமும் தொடும் பரப்பிலேயே உண்டு. கழுந்தே முறிந்திருந்தால், சட்டத்தின் நுனியிலும் புதுப் பொளி தோண்டி, இரண்டு பொளிகளையும் இணைக்கத் தனிக் கழுந்து செய்து செருகவேண்டும். அந்த வேலையைப் பழக்கமுள்ள தச்சரிடம் கொடுப்பதில் இழுக்கொன்றுமில்லை.

பசை பூசியபின் மூட்டுகளை இறுக்கிப் பிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. நான்கு கால்களையும் சுற்றித் தும்புக் கயிற்றை இரண்டு சுற்றாய்க் கட்டி, இரண்டு சுற்றுகளுக்கும் இடையே ஒரு தடியை நுழைத்து முறுக்கினால் கயிறு இறுகும். மூலைகளிற் கயிறு மரத்தை அறுக்காதபடி மடித்த துணியை வைக்கவேண்டும். தடி திரும்பிவிடாதவாறு அதனைச் சட்டத்தோடு கட்டிவைத்தல் வேண்டும். பிதுங்கி வரும் பசையை ஈரத்துணியால் உடனே துடைக்காவிடின் பின்னர் அந்த இடத்தில் நிறம் பிடியாது.

இந்நிலையிலேயே பாடசாலைக் கேத்திரகணிதம் கைகொடுக்கிறது. மேசையின் நான்கு பக்கங்களும் அளவிற் சரியாயிருந்தும் அது கோணிய இணைகரமாய் இருத்தல் கூடும். நாற்பக்கச் சட்டத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு நூலைப் பிடித்து, பின் மற்ற இரு மூலைகளுக்கும் அதே நூலைப் பிடித்துப் பார்க்கவேண்டும். இணைகரமொன்றின் மூலைவிட்டங்கள் சமமாயின் அது செவ்வகம் என்பது மாணவர் அறிந்த தேற்றம். ஒன்று நீண்டிருந்தால், நீண்ட மூலைவிட்டத்தின் இரு முனைகளையும் உள்நோக்கி அழுத்தினாற் போதும். பசை காயுமுன் சட்டம் நேராகிவிடும். தேற்றத்தை நிறுவிக் காட்டும் பிள்ளையே நூலின் ஒரு முனையைப் பிடிக்கட்டும். கயிற்றை மறுநாள்வரை, அதாவது 24 மணி நேரம், அவிழ்க்கலாகாது.

மூட்டெல்லாம் இறுகிய பின்பும் மேசை சிறிது ஆடினால், கால்களின் நீளத்தில் வேற்றுமை உண்டு. அல்லது தரை சமமில்லை. முதலில் இதனை வேறிடத்தில் நிறுத்திப் பார்த்தறிய வேண்டும். நீண்டதாய்த் தோன்றும் காலை அறுத்து, பின் மற்றொன்றை அறுத்து, இவ்வாறு மாறிமாறி அறுத்து எழுதுமேசையைக் குந்தியிருக்கும் பலகையாக்கிய கதைகள் ஊர்தோறும் உண்டு. சரியான முறை இதுவே. சமதரையில் மேசையை நிறுத்தி, குட்டையான காலின்கீழ் ஆப்பு வைத்து ஆட்டத்தை முதலில் நிறுத்தவேண்டும். பின்னர், குட்டையான காலின் இடைவெளியளவு தடிப்புள்ள சிறு மரத்துண்டைத் தரையில் வைத்து, அதன்மேற் பென்சிலைக் கிடத்தி, நான்கு கால்களையும் சுற்றிக் கோடு கீறவேண்டும். நான்கு கோடுகளும் ஒரே தளத்தில் அமையும். அவற்றின் வழியே மெல்லிய பல்லுள்ள வாளால் அறுத்தால் வேலை முடிந்தது.

மேற்பலகைக்கு வருவோம். முதலில், அதனைச் சட்டத்தோடு பிணித்த ஆணிகளைக் களைந்து, மேலே சொன்ன மரநாக்குகளைப் பொருத்தவேண்டும். சட்டத்திலே தவாளிப்பு வெட்ட இயலாவிடின், திருகாணி செல்லும் துளையை நாருக்குக் குறுக்கே சிறிது நீளமாக்கினாலும் பலகைக்கு அசைய இடம் கிடைக்கும். பிணிப்பு நீங்கியதும் சில வெடிப்புகள் அடுத்த மழைக்காலத்தில் தாமே நெருங்கிவிடும். நெருங்காதவற்றில் அதே மரத்தின் மெல்லிய துண்டை ஆப்புப்போலச் சீவி, நார் ஒரே வழியிற் செல்லுமாறு ஒட்டி, மேலே எஞ்சியதைச் சீவிவிடலாம்.

கறைகளைப்பற்றியும் சொல்லவேண்டும். சூடான தேநீர்க் கோப்பை விட்ட வெண்ணிற வளையம் மரத்தைத் தொட்டதன்று. மேற்பூச்சினுள் ஈரம் சிக்கியதால் வந்தது. மதுசாரத்திற் சிறிதே நனைத்த துணியால் இலேசாகத் துடைத்தால் பெரும்பாலும் மறையும். கறுத்த வளையமோ மரத்தினுள்ளே இறங்கிய இரும்பும் ஈரமும் செய்தது. மேற்பூச்சை நீக்கிய பின்னரே அதற்கு மருந்திடலாம். ஒட்சாலிக்கமிலக் கரைசல் அதனை வெளிற்றும். ஆனால் அது நஞ்சு. கையுறையின்றித் தொடுதலோ, சமையற் பாத்திரத்திற் கரைத்தலோ, பிள்ளைகள் எட்டும் இடத்தில் வைத்தலோ கூடாது. பூசிய பின் மரத்தை நீரால் நன்கு கழுவித் துடைக்க வேண்டும். சிறு கறையாயின், அதனை மேசையின் வயதுக்கு அடையாளமாய் விட்டுவிடுதலே அறிவுடைமை.

பூச்சை நீக்குவதற்குமுன் எச்சரிக்கையொன்று உளது. மேசைக்கு முன்னொரு காலத்தில் நிறந்தீட்டும் எனாமல் மை பூசப்பட்டிருந்தால், அதில் ஈயம் இருத்தல் கூடும். இலங்கையில் இத்தகைய மைகளிலுள்ள ஈயத்துக்கு மேலெல்லை விதிக்கும் ஒழுங்கு 2013ஆம் ஆண்டுத் தொடக்கத்திலேதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை உலர்ந்த நிலையில் அரத்தாளால் தேய்த்தால் எழும் தூள், சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்கே கேடு செய்வது. பிள்ளை படிப்பதற்கென்று வாங்கிய மேசை பிள்ளையின் படிப்புக்கே எமனாகக் கூடாதன்றோ? அத்தகைய பூச்சை ஈரமாக்கிச் சுரண்டுவதோ, உரியாமல் உறுதியாய் நின்றால் அதன்மேலேயே புதுப்பூச்சிடுவதோ நன்று. சுரண்டியவற்றைக் கடதாசியில் அள்ளிக் கட்டி அகற்றவேண்டும். வேலை நடக்கும் இடத்துக்குச் சிறுவரும் கருவுற்ற பெண்களும் வாராதிருத்தல் வேண்டும்.

நிறமை அல்லாத பழைய மினுக்கு யாது என்பதை அறிய எளிய சோதனையுண்டு. மறைவான இடத்தில் ஒரு துளி மதுசாரத்தை இட்டால், சில நிமிடத்திற் பிசுபிசுப்பது அரக்குப் பொலிஷ், அசையாதிருப்பது வார்னிஷ். அரக்கு, மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சியொன்று சுரப்பது. அதனை மதுசாரத்திற் கரைத்து, பஞ்சைப் பருத்தித் துணியிற் பொதிந்து, அதிற் சிறிது நனைத்து, மெல்லிய பூச்சுக்களாய்ப் பல தடவை தேய்க்கும் முறை பழைய தச்சர் எல்லோரும் அறிந்ததே. பழைய அரக்கின்மேற் புது அரக்கு பிரிவின்றிச் சேரும். எனவே, மங்கிய மேசைக்கு முழுப்பூச்சையும் உரிக்காமல், மேலே இரண்டு மூன்று தடவை தேய்ப்பதே பலவேளை போதும். மழை நாட்களில் இவ்வேலை ஆகாது. காற்றின் ஈரம் பூச்சிற் கலந்து வெண்புகைபோல் மங்கலாக்கும். மதுசாரம் எளிதில் தீப்பற்றுவது. அடுப்பும் விளக்கும் எரியாத, காற்றோட்டமான இடம் வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுவோர் இன்னொன்றை அறிதல் வேண்டும். அவ்வெண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்பொழுது சூட்டை வெளிவிடும். அதனைத் தேய்த்த துணியைக் கசக்கி ஒரு மூலையில் எறிந்தால், சூடு வெளியேற வழியின்றிச் சில மணி நேரத்தில் தானே தீப்பற்றும். துணியை வெளியிலே விரித்து உலர்த்தவேண்டும்; அல்லது நீரில் அமிழ்த்தி வைக்கவேண்டும்.

எஞ்சியிருப்பது லாச்சி. அது இறுகினால் உடனே சீவுளியைத் தேடுதல் வேண்டாம். ஓடும் சட்டங்களிலும் லாச்சியின் கீழ்விளிம்பிலும் மெழுகுதிரியைத் தேய்த்துப் பார்க்கலாம். பாதி லாச்சிகள் அதனோடு பணிந்துவிடும். அதற்கும் பணியாவிடின், எந்த மாதத்தில் அது இறுகியது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மார்கழி மழையில் இறுகிய லாச்சியை அப்போதே சீவியவர், ஆடி மாதச் சோளகத்தில் அது இருபுறமும் இடைவெளி விட்டு, இழுக்குந்தோறும் கோணிக்கொண்டு வருவதைக் காண்பார். தை, மாசி கழியும்வரை பொறுத்து, அதன் பின்னரும் உரசும் இடத்தை மட்டும் பென்சிலால் அடையாளமிட்டு, ஒரு சீவல், இரண்டு சீவல் என்று எடுத்துப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.